எப்படிப்பட்ட வீடு வேண்டும்? காவலூரில் கேட்கப்படாத கேள்வி

பயனாளி யார் என்பதைக் கிராம சபை பார்க்கிறது. வீடு எப்படி இருக்க வேண்டும் என்பது வேறெங்கோ முடிவாகிறது. குடிசையில்லாத் தமிழகம் என்ற இலக்கு மலையூர்களில் நிலைக்க வேண்டுமானால் இந்த இடைவெளி அடைபட வேண்டும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்து ஆலங்காயத்தை அடுத்து அமைந்துள்ள காவலூர், வைணு பாப்பு வானியல் ஆய்வகத்தால் அறிவியல் உலகில் பெயர் பெற்ற ஊராகும். கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக 1960-இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு, இரவு வானைப் பார்ப்பதற்கேற்ற இடத்தைத் தென்னாட்டில் தேடியபோது, மேகமற்ற இரவுகள் எத்தனை, காற்று எவ்வளவு நிலையாக இருக்கிறது, நகரத்து வெளிச்சம் எவ்வளவு தொலைவில் அடங்குகிறது என்பனவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னரே இந்த மலையைத் தேர்ந்தார் என்பதும், 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கிய பணி 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கியாகவும் 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியாகவும் வளர்ந்தது என்பதும் இந்திய வானியல் வரலாற்றில் பதிவான செய்திகள். இடத்தின் இயல்பை முதலில் கவனித்து, பிறகு கட்டுவது என்ற இந்த ஒழுங்கு, அதே மலையில் வாழும் குடும்பங்களுக்கு அரசு வீடு கட்டித் தரும்போது பின்பற்றப்படுவதில்லை. அங்கே மாநிலம் முழுவதற்கும் பொதுவான பரப்பளவும், பொதுவான தொகையும், சில மாதிரி வரைபடங்களும் முன்கூட்டியே தயாராக இருக்கின்றன. மலை அவற்றுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஊர்ப்புறங்களில் ‘தொகுப்பு வீடு’ என்ற பெயரில் அறியப்படும் அரசு வீடுகளின் வரலாறு நீண்டது. 1985-இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம், 2010-இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றத் தமிழக அரசு கொண்டுவந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இல் 300 சதுர அடி வீட்டோடு சூரிய ஒளி விளக்குகளையும் சேர்த்து வழங்கிய பசுமை வீடுகள் திட்டம், 2016 முதல் நடைபெறும் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம், 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் என, ஆட்சிகள் மாறினாலும் வீடு வழங்கும் பணி தொய்வின்றி நடந்துவந்திருக்கிறது. இவற்றுள் இறுதியாகக் குறித்த திட்டம், 2030-க்குள் 8 லட்சம் வீடுகளைக் கட்டி ஊரகத் தமிழகத்தில் குடிசைகளே இல்லாத நிலையை உருவாக்குவதை இலக்காகக் கொண்டு, முதல் ஆண்டில் வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் வீதம் 1 லட்சம் வீடுகளுக்கு ஒப்புதல் அளித்தது. அளவைப் பொறுத்தவரை இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்கள் பொறாமைகொள்ளத்தக்க முயற்சி இது என்பதில் ஐயமில்லை.

யாருக்கு என்பதும் எப்படி என்பதும்

இத்தகைய திட்டங்களில் மக்களின் குரலுக்கு இடமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்ட பயனாளிகள் பட்டியலைக் கிராம சபை சரிபார்த்த பின்பே மத்திய அரசின் திட்டம் தொடங்கியது. ஆனால் அங்கு எழுப்பப்படும் கேள்வி, வீடு யாருக்குக் கிடைக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. பெயர் பட்டியலில் ஏறியபின், அடித்தளம், லிண்டல் மட்டம், கூரை, பூச்சு என்று கட்டுமானம் எட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் ஓவர்சியர் பார்த்துச் சான்றளிக்கத் தொகை தவணைகளாக வருகிறது. அடித்தளத்துக்கு முந்தைய கட்டம், அதாவது அந்தக் குடும்பம் எப்படி வாழ்கிறது, எதற்காக வீட்டைப் பயன்படுத்துகிறது, எதை விட்டுக்கொடுக்கும், எதை விட்டுக்கொடுக்காது என்று கேட்டறியும் கட்டம், எந்தத் தவணையிலும் இல்லை. பணம் எந்தக் கட்டத்துக்கு ஒதுக்கப்படுகிறதோ அந்தக் கட்டம்தான் நிர்வாகத்தில் நடக்கும் என்பது அரசு அலுவலகத்தை அறிந்த எவருக்கும் தெரிந்ததே.

நீடித்த வீட்டுவசதி என்ற சொற்றொடர் இன்று கட்டடத்தின் சிமென்ட் அளவு, மின்செலவு, மழைநீர்ச் சேகரிப்பு ஆகியவற்றையே பெரும்பாலும் குறிக்கிறது. இவை தேவையான அளவுகோல்களே. எனினும் ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1991-இல் வெளியிட்ட நான்காவது பொதுக் கருத்துரை, தகுதியான வீடு என்பதற்கு நில உரிமைப் பாதுகாப்பு, அடிப்படை வசதிகள், தாங்கக்கூடிய செலவு, வாழத்தகுந்த நிலை, எல்லோரும் அணுகும் வசதி, பொருத்தமான இடம், பண்பாட்டுப் பொருத்தம் என ஏழு கூறுகளை வகுத்துக் காட்டியது. ஏழாவதான பண்பாட்டுப் பொருத்தம் அலங்காரமாகத் தோன்றலாம். ஆனால் குடியிருப்போருக்குப் பொருந்தாத வீடு விறகுக் கொட்டகையாகவோ ஆட்டுப் பட்டியாகவோ மாறி, குடும்பம் அதன் பக்கத்திலேயே மீண்டும் ஒரு கூரை வீடு போட்டுக்கொள்ளும்போது, அந்தக் கட்டடத்தில் செலவான சிமென்ட், கம்பி, செங்கல், லாரி டீசல் அனைத்தும் வீணாகின்றன. ஆள் வாழாத வீட்டைவிடச் சூழலுக்குக் கேடான வீடு வேறில்லை.

மலைவீட்டின் வேலைகள்

ஜவ்வாது மலையில் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். தமிழ் பேசும் இம்மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிப் பகுதியிலிருந்து மலையேறியவர்கள் என்ற மரபுச் செய்தியைக் கொண்டவர்கள், கேரளத்தாரோடு தொடர்பற்றவர்கள். சாமை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்கள், புளி, பலா, தேன், கடுக்காய், கால்நடை, கீழ்நாட்டுக் கூலி வேலை என்று பல துண்டுகளை ஒட்டித்தான் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் சேர்கிறது. இத்தகைய வாழ்க்கையில் வீடு உறங்கும் இடம் மட்டுமன்று. அறுத்த கதிரைக் காயவைக்கும் களமும், அடித்த தானியத்தை அடுத்த விதைப்பு வரை காக்கும் குதிரும், விதையைப் பூச்சி அண்டாமல் வைக்க அடுப்புப் புகை படும் பரணும், மழைக்காலத்துக்கு வேண்டிய விறகை நனையாமல் அடுக்கும் இறவாரமும், ஆடும் கோழியும் இரவில் அடையும் இடமும், வந்தவர் அமரும் திண்ணையும் சேர்ந்ததே அங்கு வீடு. நான்கு சுவருக்குள் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை என்று பிரிக்கும் வரைபடம் சமவெளியின் கூலிக் குடும்பத்தை மனத்தில் வைத்து வரையப்பட்டது. அதில் பரணுக்கும் குதிருக்கும் விறகுக்கும் கோடு கிடையாது. கோடு இல்லாததால் அவற்றின் தேவை மறைந்துவிடுவதில்லை. படுக்கையறை தானிய அறையாகிறது, குடும்பம் வெளியே தார்ப்பாய் கட்டிச் சமைக்கிறது.

பழைய மண்சுவர் வீட்டை இங்கே போற்றித் துதிக்கும் ஆவல் நகரத்துச் சூழல் ஆர்வலருக்கு எழுவது இயல்பு. அந்த ஆவலும் மக்களைக் கேட்காமல் எழுவதுதான். மலையில் யாரைக் கேட்டாலும் தளம் போட்ட வீடு வேண்டும் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்; அதற்கு வலுவான காரணங்களும் உண்டு. புல் கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து மேய வேண்டும். மேய்வதற்கேற்ற புல் கிடைப்பது அரிதாகிவிட்டது. காட்டில் மூங்கிலும் மரமும் வெட்டினால் வனத்துறையின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தீப்பிடிக்கும், ஒழுகும், எலியும் பாம்பும் குடியேறும். மேய்வதற்கு ஊர்கூடிச் செய்த கைமாற்று உழைப்பு, இளைஞர்கள் வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால் கிடைப்பதில்லை. கூரை வீடு என்பது வறுமையின் அடையாளம் என்று நூறாண்டுகளாக எல்லோரும் சொல்லிவந்த பிறகு, அதிலேயே இருங்கள், அதுதான் சூழலுக்கு நல்லது என்று தளம் போட்ட வீட்டில் இருப்பவர் அறிவுரை கூறுவது முறையன்று. தளத்தின் மீதான விருப்பத்துக்குப் பின்னால் வெளியாருக்கு எளிதில் தோன்றாத இன்னொரு காரணமும் உள்ளது: தட்டையான கூரை, சாமையும் புளியும் காயவைக்க ஆடு மாடு எட்டாத ஒரு களம். வேடிக்கை என்னவெனில், அந்தக் களத்துக்கு ஏறிச்செல்லும் படிக்கட்டு இத்தகைய வீடுகளின் மதிப்பீட்டில் பெரும்பாலும் சேர்வதில்லை. மூங்கில் ஏணிதான் துணை.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்பும் இயற்பியல் மாறுவதில்லை. வெப்பத்தைக் கடத்துவதில் கம்பி கோத்த கான்கிரீட் வேய்ந்த கூரையைவிடப் பல மடங்கு வேகம் கொண்டது. நான்கைந்து அங்குலத் தளம் கோடைப் பகலில் உறிஞ்சிய வெப்பத்தை முன்னிரவில் உள்ளே இறக்குவதும், மார்கழி, தை மாதத்து மலைக்குளிரில் விடியற்காலையில் சில்லிட்டுக் கிடப்பதும் இதனால்தான். ஆகவே மக்கள் விரும்புவது ஒன்று, அவர்கள் உடலுக்கு வேண்டியது இன்னொன்று என்ற முரண் எழுகிறது. இந்த முரணைத் தீர்ப்பதே திட்டமிடலின் வேலை. தளத்தின் அடிப்பகுதியில், கான்கிரீட் சுமை தாங்காத இடத்தில் பழைய ஓடுகளைப் பதித்து, கான்கிரீட்டையும் வெப்பத்தையும் ஒருசேரக் குறைக்கும் நிரப்பித் தளத்தைக் கேரளத்தில் லாரி பேக்கர் பல பத்தாண்டுகள் கட்டிக்காட்டினார். மண்ணோடு சிறிதளவு சிமென்ட் கலந்து அழுத்தி, சுடாமல் உலரவைக்கும் அழுத்தமண் கற்களை ஆரோவில் மண் கட்டடக்கலை நிறுவனம் 1989 முதல் கற்றுத்தருகிறது. மலைமீது செங்கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றும் லாரி வாடகையைக் கணக்கிட்டால், உள்ளூர் மண்ணில் செய்த கல்லின் ஆதாயம் சமவெளியைவிட மலையிலேயே அதிகம். ஆனால் கனவு இல்லத் திட்டம் மண்சுவரை அனுமதிப்பதில்லை. அழுத்தமண் கல் மண்சுவரா, கல்சுவரா என்பது ஒன்றியப் பொறியாளரின் துணிவைப் பொறுத்த கேள்வியாகிவிடுகிறது.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

மக்களைக் கேட்பது என்றவுடன் ஒரு படிவத்தை அச்சிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதி, பதில்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதுதான் பலருக்கும் தோன்றும். அப்படிக் கேட்டால் பெரிய வீடு, தளம், டைல்ஸ் என்ற விடைகளே வரும். விலை சொல்லாமல் கேட்ட கேள்விக்கு வேறு விடை எப்படி வரும்? ஆய்வாளர்கள் இதனால்தான் சொல்லும் விருப்பத்தையும், நடத்தையில் வெளிப்படும் விருப்பத்தையும் வேறுபடுத்துகிறார்கள்: மக்கள் தாங்களே கைக்காசு போட்டு முதலில் எதைக் கட்டுகிறார்கள், அரசு கொடுத்த வீட்டில் எதை இடிக்கிறார்கள், எதை நீட்டுகிறார்கள் என்பது பின்னதற்குச் சான்று. பத்தாண்டுக்கு முன் கட்டிய தொகுப்பு வீடுகளைச் சுற்றி இன்று எழுந்துள்ள சாய்ப்புகளையும் பந்தல்களையும் அளந்தாலே, எந்த இடம் போதவில்லை என்பது கேளாமலே தெரியும். ஜப்பானியத் தரவியல் அறிஞர் நோரியாக்கி கானோ 1984-இல் பொருள்களுக்காக வகுத்த பிரிப்பு முறையும் வீட்டுக்குப் பொருந்துவதே. இருந்தால் யாரும் பாராட்டாத, இல்லாவிட்டால் அனைவரும் வெறுக்கும் கூறுகள் ஒரு வகை. ஒழுகாத கூரை அத்தகையது. கூடக்கூட மகிழ்ச்சியும் கூடும் கூறுகள் மற்றொரு வகை, பரப்பளவு அத்தகையது. எதிர்பாராமல் கிடைத்து மனத்தை நிறைப்பவை மூன்றாம் வகை. மழையில் நனையாமல் தானியம் புடைக்க ஓர் இடம் அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

இதைவிட எளிய வழி, ஒரே தொகைக்குள் அடங்கும் இரண்டு மூன்று வீடுகளைத் தரையில் சுண்ணாம்புக் கோடிட்டுக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வது. முழுத் தளமும் சிறு திண்ணையும் உள்ள வீடு, பாதித் தளமும் பாதி ஓடும் பரணும் உள்ள வீடு, நாளை நீட்டிக்கொள்ள இடம்விட்ட சிறு வீடு என்று விலையோடு வைத்தால், பேச்சின் தன்மையே மாறும். சமையலும் தானியமும் விறகும் யார் பொறுப்பில் உள்ளனவோ அந்தப் பெண்கள் தனியாக அமர்ந்து பேச ஒரு நேரம் தேவை. பொதுக் கூட்டத்தில் ஆண்கள் தளத்தைப் பற்றிப் பேசுவார்கள், அடுப்பைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். குடியேறி இரண்டொரு ஆண்டு கழித்து மீண்டும் சென்று பார்க்கும் குடியேற்றப் பிந்தைய மதிப்பீடும் இதில் சேரும். சிங்கப்பூரின் வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் தன் குடியிருப்பாளரிடையே 1968 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாதிரிக் குடும்ப ஆய்வு நடத்தி வருகிறது. அடுக்குமாடி நகரத்தின் முறை மலைக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், கட்டியவரே திரும்பிவந்து கேட்கும் பழக்கம் எங்கும் பொருந்தும்.

ஈழத்தின் பாடங்கள்

தமிழருக்கு நெருக்கமான சான்றுகள் இலங்கையில் உள்ளன. 1978-இல் தொடங்கிய ஒரு லட்சம் வீடுகள் திட்டத்தில் அரசே நேரடியாகக் கட்டுவதன் செலவைக் கண்ட அந்நாடு, 1984-இல் பத்து லட்சம் வீடுகள் திட்டத்தை அறிவித்தபோது முறையை மாற்றியது: அரசு சிறுகடனும் தொழில்நுட்ப உதவியும் தந்தது, புதிதாகக் கட்டுவதா, பழையதைச் சீர்ப்படுத்துவதா, கழிப்பறை மட்டும் போதுமா என்பதைக் குடும்பம் தேர்ந்தது, தெரு அகலம், கட்டட விதி ஆகியவற்றைக்கூட இரண்டு நாள் ஊர்ப் பட்டறைகளில் மக்களும் அலுவலரும் அமர்ந்து பேசி முடித்தார்கள். போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இந்திய அரசின் நிதியில் மேற்கொள்ளப்பட்ட 50,000 வீடுகளில் பெரும்பகுதி உரிமையாளரே கட்டும் முறையைப் பின்பற்றி, வீடு ஒன்றுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாயைத் தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தியது. மலையகத்தில் லயன் எனப்படும் வரிசை அறைகளில் தலைமுறைகளாக நெருங்கி வாழ்ந்தவர்களுக்கு, தனிவீட்டோடு சேர்ந்த 7 பேர்ச் நிலம் சுவர்களுக்கு நிகரான பொருள் உடையதாக இருந்தது.

இதற்கு நேர்மாறாக, 2016-இல் இலங்கை அரசு வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தின் 65,000 முன்தயாரிப்பு எஃகு வீடுகளை, ஒன்று ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய் மதிப்பில், நிறுவ முற்பட்டது. அதில் பாதித் தொகைக்கே கல்வீடு கட்டலாம், வெப்ப நாட்டுக்கு எஃகு ஒவ்வாது, பின்னாளில் நீட்டிக்க இயலாது, உள்ளூர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை இல்லை என்று தமிழ்ப் பிரதிநிதிகளும் கட்டடக் கலைஞர்களும் எழுப்பிய எதிர்ப்பின் முன் அந்தத் திட்டம் நிற்கவில்லை. இங்கு மக்கள் எதிர்த்தது இலவச வீட்டையன்று. தங்களைக் கேளாமல் முடிவான வீட்டை.

உரிமையாளர் கட்டும் முறைக்கும் குறை உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. கையில் பணம் வந்ததும் தகுதிக்கு மேல் பெரிதாக அடித்தளம் போட்டு, கூரைக்குக் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்க வெளியூர் செல்லும் குடும்பங்கள் வடமாகாணத்திலும் உண்டு, தமிழகத்திலும் உண்டு. மாறாக, ஒப்பந்தக்காரர் கையில் மொத்தமாக ஒப்படைத்ததன் விளைவைத் தமிழகக் கடற்கரை 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பார்த்தது. அலைக்குத் தப்பிய பழைய வீடுகளும் நிழல்தந்த மரங்களும் புதிய குடியிருப்புக்காக அழிக்கப்பட்ட ஊர்களை, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஜெனிஃபர் டுயின் பாரன்ஸ்டைன் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். நல்ல நோக்கமும் மண் கட்டடக்கலையும் மட்டுமே போதுமானால் எகிப்தின் ஹசன் பாத்தி 1940-களில் லக்சர் நகருக்கருகில் எழுப்பிய புதிய குர்ணா ஊர் நிரம்பியிருக்க வேண்டும். இடம்பெயர விரும்பாத மக்கள், தங்கள் கண்ணுக்குக் கல்லறையை நினைவூட்டிய குவிமாட வீடுகளுக்குப் போகவில்லை.

காவலூருக்குத் திரும்பினால், வரைபடத்துக்கும் முந்தைய சிக்கலாக நிற்பது நிலம். பட்டா இல்லாதவருக்கு வீட்டுத் திட்டம் எட்டாது. காட்டை ஒட்டிய குடியிருப்புகளில் பட்டா என்பதே வன உரிமைச் சட்டம், 2006-இன் வழியாக வர வேண்டிய ஒன்று, அந்தச் சட்டத்தின்கீழ் உரிமை வழங்குவதும் தமிழகத்தில் நீதிமன்ற ஆணையொன்றால் பல ஆண்டுகள் தடைப்பட்டுக் கிடந்தது. ஆண்டில் சில மாதங்கள் வேலைக்காக வெளியூரில் இருக்கும் குடும்பத்தின் பூட்டிய கதவை, தேவையில்லாதவர் என்பதற்குச் சான்றாகக் கொள்ளும் கணக்கெடுப்பு மலைக்கு ஆகாது.

காவலூருக்கே உரிய இன்னொரு தரப்பும் உண்டு. அது ஆய்வகத்துக்கு வேண்டிய இருட்டு. வீட்டுக்கு வெளியே மாட்டும் விளக்கு தரையை நோக்கி, மூடியோடு, மிதமான நிறத்தில் இருந்தால் பாம்பு தெரியும், வானமும் கெடாது. காவலூர் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே இன்னோர் ஆய்வகம் நடத்தும் லடாக்கின் ஹான்லே பகுதி 2022-இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, ஊர்மக்களே விண்மீன் காட்டும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்று வருமானம் ஈட்டுகிறார்கள். கட்டுப்பாடு மட்டும் ஊருக்கு, பயன் வேறெங்கோ என்றில்லாமல் இருந்தால் மலைமக்கள் எந்த நிபந்தனையையும் பேசித் தீர்க்கக்கூடியவர்களே.

கனவு இல்லத் திட்டத்தின் நெறிமுறை, 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளத்தை விதித்துவிட்டு, எஞ்சிய 60 சதுர அடிக்கு ஓடு உள்ளிட்ட கூரையைப் பயனாளியின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. விருப்பம் என்ற சொல் அரசாணைக்குள் வந்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால் ஆறில் ஒரு பங்கு போதாது. மலை ஒன்றியங்களுக்கு மட்டுமாவது தனி நெறிமுறை வகுத்து, தளத்துக்கும் ஓட்டுக்கும் நிரப்பித் தளத்துக்கும் இடையிலான தேர்வையும், அழுத்தமண் கல்லுக்கான தெளிவான அனுமதியையும், பரண், படிக்கட்டு, மூடிய களம் ஆகியவற்றுக்கான மதிப்பீட்டையும், லாரி வாடகைக்கேற்ற கூடுதல் தொகையையும், அடித்தளத்துக்கு முன் ஊர்கூடிப் பேசும் ஒரு நாளுக்கான தவணையையும் ஊரக வளர்ச்சித் துறை சேர்க்க வேண்டும். பழங்குடியினர் வாழிடங்களின் அடிப்படை வசதிக்கென நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட தொல்குடித் திட்டத்தில் இதற்கு இடம் காண முடியும். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. பயனாளிகள் பட்டியல் வாசிக்கப்படும் அடுத்த கூட்டத்திலேயே, எப்படிப்பட்ட வீடு என்ற தீர்மானத்தையும் பொருள்நிரலில் சேர்க்கும்படி மலையூர் ஊராட்சிகள் கோர வேண்டும்.